மன்னிப்புக்கு ஒரு பல்

"இது திமிங்கலப் பல்லா, மச்சான்? கிழட்டு ஆட்டோட கடைவாய்ப் பல் மாதிரி இருக்கு!"

அபெனிசா இப்படிச் சொன்னதும் கவா பானக் கிண்ணத்தைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பல்லைக் கொண்டுவந்திருந்த சகியுசா தலைகுனிந்து சம்மணமிட்டிருந்தான். பிஜியின் கடாவுத் தீவில் தங்கையின் கணவனைக் கேலி செய்வது மச்சானின் பிறப்புரிமை. அதற்குக் கோபித்துக்கொள்பவனைத்தான் ஊர் பழிக்கும்.

தவிர, அவன் வந்த காரியம் பெரிது. மனைவி லிதியானா பிறந்தகம் வந்து இரண்டு வாரமாகிறது. தீவின் வழக்கப்படி திமிங்கலப் பல்லை முன்வைத்து அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும். மாமனார் அதைக் கையில் வாங்கினால்தான் அவள் திரும்புவாள். இல்லையேல் அவன் தனியே படகேற வேண்டியதுதான்.

"மூணு மாசம் கண்ணு நோக என் பொண்ணு முடைஞ்ச பாய்! எவனோ கேட்டானாம், இவரு சுருட்டி அவன் தோள்ல வச்சு அனுப்பினாராம்," என்றார் மாமனார் இலைதியா.

"வாய்விட்டுக் கேட்டவனுக்கு எப்படி மாமா இல்லைன்னு சொல்றது?"

"வலையைக் குடுத்தே, பானையைக் குடுத்தே," என்றான் அபெனிசா. "இப்ப உன் வீட்டுல மிச்சம் இருக்கிறது கதவு ஒண்ணுதானே?"

சகியுசா தயங்கினான். "அதையும் போன வாரம்..."

திரைக்குப் பின்னாலிருந்து லிதியானா தலையில் அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது.

"அப்பா, இந்தப் பல்லைத் தொடாதீங்க! இவனை நீந்தியே ஊருக்குப் போகச் சொல்லுங்க!" என்று குதித்தான் அபெனிசா.

"போதும்டா! வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை இப்படியா வதைக்கிறது?"

மகனை அதட்டிய இலைதியா, பல்லைக் கையில் வாங்கி விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "ஏத்துக்கிட்டேன்," என்றார். கூடியிருந்தவர்கள் கைகளைக் குழித்துத் தட்டி ஆமோதித்தார்கள்.

லிதியானா மூட்டையுடன் வெளியே வந்தாள். "முதல்ல அந்தக் கதவைத் திருப்பி வாங்குங்க. அப்புறம்தான் நான் உள்ளே வருவேன்."

"கொண்டுபோனவன் தருவானா தெரியலையே..." என்று முனகியபடி சகியுசா மூட்டையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

படகு கண்ணுக்கு மறைந்தது. இலைதியா பல்லை மகனிடம் நீட்டினார்.

"எங்கே வைக்கட்டும், அப்பா?" என்று பணிவாகக் கேட்டான் அபெனிசா.

"காலையில எனக்குத் தெரியாம எந்தப் பெட்டியிலேருந்து எடுத்து உன் மச்சான்கிட்டக் குடுத்தியோ, அதுலேயே வை. அடுத்த சண்டைக்குத் தேட வேண்டாம் பாரு!"