முடிச்சைப் பார்க்காதவன்

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் அவள் மொட்டை மாடிக்கு ஏறினாள். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார்.

"கத்தி எதுக்கும்மா?"

"வேலைக்குத்தான்."

மேஸ்திரிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவள் புருஷனான பெயின்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தத் தெரியாத மனிதர். பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்தது.

"நாலு மாடிடா. உன் பொண்டாட்டி கையிலயா கயித்தக் குடுக்கப் போற? ஊரே சிரிச்ச சங்கதி. இப்ப அவ மனசுல என்ன ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமத் தொங்கப் போறியா?"

"வேற ஆள் இருந்தா காட்டுங்க."

ஆள் இல்லை. வழக்கமாகக் கயிறு பிடிக்கும் நெட்டையன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனதிலிருந்து, வந்தவன் எவனும் நிலைக்கவில்லை. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு படியிறங்கினார்.

"கீழ புதுசா சிமென்ட் பூசியிருக்கு. விழுறதுன்னா கொஞ்சம் தள்ளி விழு."

தொங்கு பலகையில் கட்டிய கயிறு, கைப்பிடிச் சுவரின் விளிம்பைத் தாண்டி வந்து, மாடித் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். பாரத்தைத் தூண் வாங்கிக்கொள்ளும். மேலே நிற்கிறவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தால் போதும். மொத்தமாக விட்டாலும் தடுக்க யாருமில்லை.

அவள் பலகையில் முடிச்சுப் போட்டு முடித்தாள். யார் போட்ட முடிச்சானாலும் தொங்கப் போகிறவன் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காலை வெளியே வைப்பான். பெற்ற அப்பன் கட்டியிருந்தாலும் அப்படித்தான். அந்தத் தொழிலில் அதை யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை.

அவன் பெயின்ட் டப்பாவைக் கொக்கியில் மாட்டினான். ஒரு காலைச் சுவருக்கு வெளியே போட்டான்.

"முடிச்சப் பாருய்யா."

"வேணாம்."

"பாருன்னு சொல்றேன்ல."

"நீதானே கட்டின."

அவளுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. ஒரே அறையில் இருவரும் நடமாடினார்கள். முகம் பார்த்துப் பேசவில்லை. அவளுடைய துணிப்பை இன்னும் கதவோரம்தான் கிடந்தது.

"என்கிட்டக் கயித்தக் குடுக்காத. எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல."

"எனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் இறங்கினான்.

கயிறு அவள் கைக்குள் அசைந்துகொண்டே இருந்தது. அவன் எட்டிப் பூசும்போதெல்லாம் அந்த ஆட்டம் உள்ளங்கைக்கு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவனுடைய உடம்பின் கனம் அவளுக்குத் தெரிந்தது. விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு எழுந்தது. எழுந்த வேகத்தில் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மூன்றாவது மாடியை அவன் முடிக்கும்போதுதான் அவள் விளிம்பைப் பார்த்தாள். கயிற்றுக்கு மெத்தையாகப் போட்டிருந்த சாக்கைக் காணோம், காற்று கொண்டுபோயிருந்தது. வெறும் சிமென்டில் கயிறு தேய்ந்து, ஓர் இழை பிரிந்து சிலிர்த்து நின்றது.

கையிலிருந்த முனையைத் தூணில் இறுக்கிக் கட்டிவிட்டு ஓடினாள். மூலையில் கிடந்த வேறொரு சாக்கை மடித்துத் திணித்தாள். தடிமன் அதிகம், நுழையவில்லை. இடுப்பிலிருந்து கத்தியை உருவி, சாக்கில் ஒரு பட்டையை அறுத்தாள். சுவருக்கு வெளியே பாதி உடம்பு தொங்க எட்டிக் குனிந்து, கத்தியின் முதுகால் கயிற்றை நெம்பி, பட்டையை அடியில் நுழைக்கப் பார்த்தாள்.

கீழே இருந்து பார்த்த மேஸ்திரிக்குக் கத்தியும் கயிறும்தான் தெரிந்தன.

"டேய், மேல பாருடா. கயித்த அறுக்கறாடா."

அவன் தலையைத் தூக்கினான். அவள் முகம், கத்தி, கயிறு. ஒரு வாரத்தில் முதல் தடவையாக இருவர் கண்களும் சந்தித்தன. அவள் கத்தியை எடுக்கவில்லை.

அவன் பிரஷ்ஷை டப்பாவில் முக்கினான். சுவர்ப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பூசத் தொடங்கினான்.

பட்டை நுழைந்துவிட்டது. அவள் தூணுக்குத் திரும்பி, முனையை அவிழ்த்து, அவனைத் தரை வரைக்கும் இறக்கினாள். பிறகு தூணடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

படிக்கட்டில் காலடிச் சத்தம். மேஸ்திரியின் வசவும் பாதி வழி வரைக்கும் கூடவே வந்து, மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அவன் நேராக விளிம்புக்குப் போய்ச் சாக்குப் பட்டையைத் தொட்டான். பிரிந்த இழையைத் தடவினான். அப்புறம் வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடமடவென்று தண்ணீர் குடித்தான்.

"கத்தியோட நின்னேனே. பயமா இல்லையா?"

"இருந்துச்சு. நாக்கு மேல ஒட்டிக்கிச்சு."

"கீழ இறக்கச் சொல்லிக் கத்தியிருக்கலாம்ல?"

அவன் தேய்ந்த கயிற்றைச் சுருட்டி ஓரமாகப் போட்டான். "வேற கயிறு எடுத்துட்டு வரேன். அந்தப் பக்கச் சுவர் அப்படியே இருக்கு. முடிச்சு நீயே போடு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுய்யா. எந்தத் தைரியத்துல தொங்கிட்டிருந்த?"

அவன் அவளைப் பார்த்தான்.

"நெட்டையனோட போனவ, நீயாத்தானே திரும்பி வந்த."