வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

"சிமெந்த கீழ வைங்க! இப்பப் பூசினீங்கன்னா எல்லாம் நாசமாப் போயிரும்."

ஷாமிளா போட்ட சத்தத்தில் அவள் புருஷன் கஜேந்திரன் மேசன் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றான். கூரையிலிருந்து தரை வரை ஓடிய வெடிப்பைக் காட்டி, "மழ வரப் போகுது புள்ள. ஈரம் இறங்குது," என்றான்.

"இறங்கட்டும். ஆபீசர்மார் அளக்கிற நேரத்துல பூசி மறைச்சா, வீடு நல்லாத்தான் இருக்குன்னு எழுதிட்டுப் போயிருவாங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தெரணியகலைக்கு மேலே இருக்கும் அந்த றப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில், மலைச்சரிவை ஒட்டிய கடைசி வீடு அவர்களுடையது. மண் சரியும் இடம் என்று யாரோ வந்து சிவப்பு நோட்டீஸ் ஒட்டி மூன்று வருஷமாகிறது. நோட்டீஸ் வெளுத்துப் போனதுதான் மிச்சம். மழை வந்தால் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடி ஓடி அவளுக்கு வாழ்க்கையே வெறுத்துவிட்டது.

இப்போது கொழும்பிலிருந்து அரசாங்க ஜீப் வர ஆரம்பித்து மூன்று நாள். வந்தவர்கள் யார், என்ன வேலை என்று லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. வருகிறவர்கள் தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டால் போதும். லயத்துக்கு அது வந்து சேராததைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் கருவியோடு ஒருவர் மலை ஏறினால், அவர் மண்சரிவு பார்க்கத்தான் வருகிறார் என்பது அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. பெரிய அதிகாரியான மிஸ், வழக்கம்போல வெடிப்புக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். ஆழத்தை அளந்தார், ஈரத்தை அளந்தார். அவருடைய உதவியாளர் அப்ஹம், மாவனல்லைக்காரர், கையடக்கக் கருவியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார்.

"அது என்ன செய்யும் சேர்?" என்று கேட்டாள் ஷாமிளா.

"சட்டலைட்ல இருந்து கணக்கெடுத்து, இந்தச் சுவர் எந்த இடத்துல இருக்குன்னு அடி பிசகாமச் சொல்லும்." மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். மலையின் படத்தில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. "இதான் நீங்க இருக்கிற இடம்."

சொந்தமாக ஒரு விலாசம்கூட இல்லாதவள் ஷாமிளா. அவள் பேருக்கு வரும் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். தன் வீடு கொழும்புக்குத் தெரிகிறது என்றதும் அவள் அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சுவத்துக்குப் பூச்சி மருந்து ஏதும் அடிச்சீங்களா?"

"இல்ல சேர்."

அப்ஹம் படிவத்தில் 'மொத்தம் 11' என்று எழுதினார். வீட்டில் இருப்பதோ நாலு பேர். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களையும் சேர்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நல்லது செய்ய வந்தவர்களிடம் குறுக்குக் கேள்வி கேட்பானேன்?

பின்னேரம் சாமான்களை ஜீப்பில் ஏற்றியபடி அப்ஹம் சொன்னார்: "வெடிப்பப் பூசாம வச்சிருந்தது பெரிய உதவி தங்கச்சி. இங்க ஆபத்துதான். மேல மண் இளகிட்டு வருது. அடுத்த பெரிய மழைக்கு இந்தச் சுவர் நிக்காது."

"அது எங்களுக்குத் தெரியாதா சேர்?"

"மிஸ் போட்ட ரிப்போர்ட்டுக்கு மேலிடத்துல சரின்னுட்டாங்க. எஹலியகொட பக்கம் பாதுகாப்பான இடமும் பாத்தாச்சு. திங்கக்கிழமையே மாத்திடுவோம்."

ஷாமிளா வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். மூன்று வருஷத்தில் கும்பிடாத சாமி இல்லை, காலில் விழாத தலைவர் இல்லை. கஜேந்திரன் ஓடி வந்து அப்ஹமைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "கட்டில், அலுமாரி எல்லாம் கொண்டு போக லொறி நீங்களே அனுப்புவீங்களா சேர்?"

அப்ஹம் விழித்தார். மெல்ல மெல்லத்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. உதவிக்கு ஜீப் பக்கம் திரும்பினார். மிஸ் ஏற்கெனவே உள்ளே ஏறிக் கதவைச் சாத்தியிருந்தார்.

அவள் முகத்தைப் பார்க்காமலே அப்ஹம் சொன்னார்: "உங்கள இல்ல தங்கச்சி... வெடிப்புக்குள்ள இருக்கிற அபூர்வப் பல்லிகளத்தான்."