சந்தனம் அடைத்த ஹார்ட் டிஸ்க்

"உங்கப்பாவுக்கும் இதே தெத்துப்பல் இருந்துச்சுடி" என்று மலர்க்கொடி எவ்வளவு சொல்லியும் மகள் நிறைமதி நம்பவில்லை. கிளவுடில் ஏற்றிய படங்களை அதுவே திருத்தி அழகாக்கிவிடும். ஒவ்வொன்றிலும் அப்பாவுக்கு வரிசைப் பற்கள். இப்போதோ அவருக்குப் பல்செட். அடுத்த வாரம் தன் தெத்துப்பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறாள் நிறைமதி.

திருத்தாத படங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஆயுத பூசைக்கு எடுத்து வைத்திருந்த அதை மலர்க்கொடி பழைய கணினியில் செருகினாள். திரையில் எதுவும் வரவில்லை. கேபிளை மாற்றினாள். அப்போதும் வரவில்லை.

கணவர் செங்கோடன் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"வருசா வருசம் பொட்டு வெச்சியே, எங்க வெச்சிருக்க பாரு! கேபிள் சொருகற ஓட்டையிலயே அப்பியிருக்க!"

காய்ந்த சந்தனத்தைக் குச்சியால் சுரண்டியதும் டிஸ்க்கின் விளக்கு எரிந்தது. கல்லூரிப் படமொன்றில் செங்கோடன் தெத்துப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ அப்பா, இது என் பல்லு!"

"உன்னுதா? முதல்ல என்னுதாக்கும்!"

மூவரும் நெருக்கியடித்து நின்று, சுவரில் பதித்திருந்த காமிராவில் படமெடுத்தார்கள். அது உடனே நிறைமதியின் பல்லை நேராக்கித் திரையில் காட்டியது. அவள் பூசைக் கிண்ணத்திலிருந்து சந்தனத்தை வழித்து, காமிராவின் கண்ணில் அப்பினாள்.