யாளி கழுத்தில் மாட்டுக் கயிறு

செல்லப்பன் வீட்டில் மாடு கட்டும் தறிக்கு யாரோ நாமம் போட்டிருந்தார்கள்.

சைக்கிளை விட்டு இறங்கிய வேணுகோபால் வாத்தியாருக்கு வயிறு எரிந்தது. பின்னாலேயே அவர் பேசிக் கூட்டிவந்த மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டியில் புதுசாகச் செதுக்கிய வேப்பந்தறி ஒன்று. 'இதை வைத்துக்கொண்டு அதைக் கொடுங்கள்' என்று கடைசியாக ஒரு முறை கெஞ்சிப் பார்க்கலாம் என்றுதான் வந்திருந்தார்.

ஏனென்றால் அது வெறும் தறியில்லை. கல்லங்குறிச்சி சாலையோரத்தில் இருக்கும் பழைய மண்டபத்தின் நாலாவது தூண். செல்லப்பனின் அப்பா காலத்தில் தொழுவத்துக்கு வந்து சேர்ந்தது. உச்சியில் ஒரு யாளி. யாளி கழுத்தில் மாட்டுக் கயிறு.

வேணுகோபால் அரியலூரில் சரித்திர வாத்தியார். பெயர்தான் பெருமாள் பெயர்; கோயிலுக்குப் போனால் சாமியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிவர மனைவி அனுப்பினால், எங்கேயாவது ஒரு இடிந்த கோட்டைச் சுவரை அளந்துவிட்டு வெறும் பையோடு வீடு திரும்புகிற மனிதர்.

அந்த மண்டபம் என்றால் அவருக்கு உயிர். தூண் போன மூலையில் பனங்கட்டை ஒன்று முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. களை வெட்ட வரும் பெண்கள் மற்ற தூண்களில் ஏணை கட்டிப் பிள்ளைகளைத் தூங்கப் போட்டால்கூட அவருக்குப் பொறுக்காது. "கயிறு உரசி சிற்பம் தேயுதும்மா, வேற எங்கயாவது கட்டுங்க" என்று சண்டைக்குப் போவார்.

செல்லப்பனிடம் எத்தனையோ தடவை வந்தாயிற்று. நாயக்கர் காலம் என்றார், கலை என்றார், நம்ம ஊர்ப் பெருமை என்றார்.

"நீங்க சொல்றதெல்லாம் சரிதான் சார். ஆனா இது ராசியான தறி. இதுல கட்டுன மாடு பொட்டக் கன்னா, கெடேரியாத்தான் போடும்" என்று செல்லப்பன் கையை விரித்துவிடுவார்.

மூன்று நாளைக்கு முன்னால் வாத்தியாருக்குப் பொறுமை போய்விட்டது.

"பனங்கட்டை உளுத்துப் போச்சுய்யா! அடுத்த மழைக்குத் தாங்காது. மேல்கல்லு மொத்தமா கீழ வந்துடும். முந்நூறு வருசத்து மண்டபம்! உன் மாடு கெடேரி போடுறதுக்காக அது விழணுமா?"

பால் கறந்துகொண்டிருந்த செல்லப்பனின் மனைவி கலியம்மாள் அப்போது தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

இன்றைக்கு வந்து பார்த்தால் நாமம், பூமாலை, கற்பூரம். கன்னத்தில் போட்டுக்கொண்டு தெரு ஜனம் மொத்தமும் தொழுவத்தில் நிற்கிறது. சாமியாகிவிட்ட கல்லை இனி யார் தொட விடுவார்கள்?

"நான் ஒண்ணும் பண்ணல சார்" என்றார் செல்லப்பன். "மாட்ட எங்க கட்டுறதுன்னு நானே முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். எல்லாம் இவ வேலை."

வேணுகோபால் கலியம்மாளிடம் திரும்பினார்.

"ஏம்மா, குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போறது. அதுக்காக ஒரு கல்லைப் பிடிச்சு சாமியாக்கிடுவியா? இந்த மூடநம்பிக்கை என்னிக்குத்தான் ஒழியப்போவுதோ!"

கலியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"விடியக்காலம் கனவுல பெருமாள் வந்தாரு. 'கல்லங்குறிச்சி கோயில்ல கல்லுக் கம்பமா நிக்கிற நாந்தான் உன் தொழுவத்துலயும் நிக்கிறேன். என் கழுத்துல கயித்தக் கட்டி வெச்சிருக்கீங்களே, நல்லாருக்கா? என்னைய என் மண்டபத்துலயே கொண்டுபோய் வுடு'ன்னாரு."

"கோவிந்தா!" என்றது கூட்டம்.

அதற்கப்புறம் வாத்தியாருக்கு வாயைத் திறக்க வேலையே இல்லை. செல்லப்பனே கடப்பாரையை எடுத்துத் தறியைச் சுற்றித் தோண்டினார். வாத்தியார் கொண்டுவந்த வண்டியிலேயே தூணை ஏற்றினார்கள். மேளம் வந்தது. கொத்தனார் வந்தார். மேல்கல்லுக்கு மாற்று முட்டுக் கொடுத்துப் பனங்கட்டையை உருவினபோது அது கையோடு பொடிப்பொடியாக உதிர்ந்தது. பொழுது சாய்வதற்குள் யாளி தன் பழைய மூலைக்கே போய் நின்றுவிட்டது.

வேணுகோபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே எரிச்சலும் வந்தது. இத்தனை நாள் தொண்டை கிழியச் சரித்திரம் சொன்னோம், ஒருத்தன் காதில் ஏறவில்லை. ஒரு கனவு சொன்னாள், ஊரே கேட்டுவிட்டதே!

ஆசை அடங்காமல் மறுநாள் காலையிலேயே மண்டபத்தைப் பார்க்க வந்துவிட்டார். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வயலில் பெண்கள் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்துக்குள் வழக்கம்போல் ஏணைகள். புதிதாக வந்து நின்ற தூணிலும் ஒன்று கட்டியிருந்தது. அதைக் கலியம்மாள் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

'சிற்பம் தேயும்' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"கலியம்மா, இங்க யாரும் இல்ல. உள்ளதைச் சொல்லு. நெசமாவே பெருமாள் கனவுல வந்தாரா?"

அவள் வயல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மேல்கல்லு கீழ வந்துடும்னு நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிட்டீங்க. வேற எங்கயாவது ஏணையக் கட்டுங்கடின்னா, 'நெழலுக்கு எங்க போறது'ங்கிறாளுவ. அடியில தூங்குற இந்தப் புள்ளைங்கள நெனச்சு அன்னையிலேருந்து நான் கண்ணையே மூடலீங்க சார். தூங்குனாத்தானே கனவு வர்றதுக்கு?"