இல்லாத கதவு

“நம்ம வகுப்புக்கு எத்தனை கதவு?” வகுப்பின் வாயாடிப் பெண் வரைந்திருந்த வகுப்பறை வரைபடத்தைக் காட்டிக் கேட்டார் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

“ரெண்டு மிஸ்.”

“ஒன்பது வருஷமா இங்க பாடம் எடுக்கறேன், எனக்குத் தெரியாத கதவா? பீரோவுக்குப் பின்னாடி வெறும் சுவருதான். கதவுன்னு போட்டு, அதுக்கு வெளியே மை கொட்டின கறை வேற. ரெண்டு மார்க் போச்சு.”

“பீரோவ நகர்த்திப் பாருங்க மிஸ்.”

வகுப்பே சிரித்தது. அவள் வாயை அடைக்கவே டீச்சர் பியூனைக் கூப்பிட்டு பீரோவை நகர்த்தச் சொன்னார்.

பின்னால் தூசி படிந்த ஒரு கதவு இருந்தது. தாழ்ப்பாளை நீக்கியதும் அது உள்பக்கமாகத் திறந்தது. வெளிப்படியில் உட்கார்ந்து அதில் சாய்ந்திருந்த ஒரு பெண், கையிலிருந்த சாப்பாட்டுப் பையோடு வகுப்புக்குள் சரிந்தாள்.

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். “சரி, கதவுக்கு ஒரு மார்க்.”

“இன்னொன்னும் போடுங்க மிஸ். அது மைக்கறை இல்ல, எங்கம்மா.”