கடலுக்கு ஐஸ்

சந்தியாகு ஐஸ் மூட்டையில் கல்லைக் கட்டி, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடி இறக்கினான். நேற்று வெறும் பாளமாகப் போட்டது மேலேயே மிதந்து கரைந்துவிட்டது. அடியில், கூண்டுக்குள் அவன் வளர்க்கும் சிங்கி இறால்கள் கடலின் சூடு தாங்காமல் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. மூத்தவளின் காலேஜ் படிப்பு அந்தக் கூண்டை நம்பித்தான் இருந்தது.

"ஏ சந்தியாகு, கடலுக்குக் காய்ச்சலாடே? நெத்தியில ஈரத்துணியும் போடு!" பக்கத்துப் படகிலிருந்து லூர்து கத்தினான்.

"ஒம் படகுல மீனே இல்லையே, அந்த ஐஸையும் இங்க தள்ளுல."

லூர்து சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

"இறாலு அசையுதாங்க?" கரையிலிருந்து மனைவி பிரகாசி கேட்டாள்.

அவன் மூச்சைப் பிடித்து மூழ்கினான். கண்ணைத் திறந்தால் கூண்டே தெரியவில்லை. எங்கெங்கிருந்தோ வந்த மீன்கள் ஐஸ் மூட்டையை மொய்த்திருந்தன. கிளிமீன், ஊளி, பெயர் தெரியாத பொடிகள். பெரியது சின்னதைத் தின்னவில்லை. எல்லாம் சாக்கில் வாயை ஒட்டிக்கொண்டு நின்றன. கையால் விலக்கினான். அவன் கைச்சூடு நெருப்பாய்ப் பட்டதுபோல ஒரு குஞ்சு துடித்தது. ஆனாலும் நகரவில்லை.

மேலே வந்து மூச்சு வாங்கினான்.

"சொல்லுங்களேன், அசையுதா?"

"பிரகாசி, பெட்டியில இன்னும் ஐஸ் இருக்கா?"

"எங்க இருக்கு? வெறும் தண்ணிதான் கெடக்கு."

அவன் தண்ணீருக்குள் முகத்தை அமிழ்த்திப் பார்த்தான். அவன் கால்களை உரசிக்கொண்டு மீன்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன.