இரண்டு மணிக்கூடுகள்

செல்பேசி கடலோடு போனதிலிருந்து சபேசனுக்கு நேரம் தெரிவதில்லை. பத்து மணிக்கு அகதி விசாரணை. அதற்கு முன் அலுவலகத்துக்குள்ளே விடமாட்டார்களாம். எதிரே இருந்த தேவாலயத்தின் இரண்டு கோபுரங்களிலும் இரண்டு மணிக்கூடுகள் வேறு வேறு நேரம் காட்டின. சதுக்கத்தில் அங்குமிங்கும் நடந்து நடந்து, கடைசியில் பொன்முள் மினுங்கிய மணிக்கூட்டை நம்பினான். அது பத்தைத் தொட்டதும் ஓடினான்.

“எங்க தம்பி போனனீர்? பேரைக் கூப்பிட்டுப் பாத்திட்டு ஃபைலை மூடிட்டாங்கள்,” என்றார் அலுவலக வாசலில் நின்ற மொழிபெயர்ப்பாளர்.

அவன் பொன்முள்ளைக் காட்டினான்.

“ஐயோ, அது பொய் மணிக்கூடு. பூசை நேரம் தெரியாமல் சாத்தான் குழம்பவேணும் எண்டு வச்சிருக்கினம். இந்தத் தீவுச் சனம் ஒருத்தரும் அதைப் பாக்கிறேல்ல.”

சபேசன் அண்ணாந்தபடியே நின்றான். அந்த வழியாக வந்த பெண்ணொருத்தி, அவன் எதைப் பார்க்கிறான் என்று கண்டதும், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள்.